திசைநாயகம் வழக்கு: மனிதர் வெளியே வந்தார், தீர்ப்பு அங்கேயே கிடக்கிறது

2009 ஆகஸ்ட் 31ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் ஒரு பத்திரிகையாளருக்கு 20 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. போர் முடிந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. ஜே.எஸ். திசைநாயகம் ஆயுதம் வைத்திருந்தார் என்றோ யாரையாவது ஒளித்து வைத்தார் என்றோ அரச தரப்பு சொல்லவில்லை. சிறிய ஆங்கில மாத இதழ் ஒன்றில் வந்த இரண்டு பந்திகள், அந்த இதழை வெளியிட்டது, அதை நடத்தப் பணம் சேர்த்தது. குற்றப்பகர்வில் இருந்தது இவ்வளவுதான்.

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கதையும் ஓரளவு தெரியும்: பிடித்தார்கள், தண்டித்தார்கள், வெளிநாடுகள் குரல் கொடுத்தன, மன்னித்தார்கள், அவர் நாட்டை விட்டுப் போனார். அரசியல் கதையாகச் சொன்னால் இது சரிதான். ஆனால் ஊடகச் சட்டம் படிக்க வரும் இளம் செய்தியாளர்களிடம் அவரை எந்தப் பிரிவின் கீழ் தண்டித்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 'பயங்கரவாதத் தடைச் சட்டம்' என்பதோடு பதில் முடிந்துவிடும். அந்தச் சட்டத்தின் எந்த வரி, அந்த வரியில் எது இருந்தது, எது இல்லை என்று பார்த்தால்தான் இந்த வழக்கு நமக்கு உதவும்.

நடந்தவை

திசைநாயகம் கொழும்பின் ஆங்கில ஊடகத்தில் பல ஆண்டுகள் எழுதியவர். சண்டே டைம்ஸில் பத்தி எழுதினார், 'அவுட்ரீச்' என்ற செய்தித் தளத்தின் ஆசிரியராக இருந்தார். அதற்கு முன் 'நோர்த் ஈஸ்டர்ன் மன்த்லி' என்ற இதழை நடத்தினார். வழக்குக்கு ஆதாரமான பந்திகள் 2006 ஜூலை இதழிலும் நவம்பர் இதழிலும் வந்தவை.

2008 மார்ச் 6ஆம் திகதி பயங்கரவாத விசாரணைப் பிரிவு ஓர் அச்சக உரிமையாளரையும் அவருடைய துணைவியையும் கைது செய்தது. என்ன நடந்தது என்று விசாரிக்க மறுநாள் அங்கே போன திசைநாயகத்தையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். அச்சகக்காரர் முதலில், ஆசிரியர் பிறகு என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பந்தியை எழுதியவருக்குக் கொள்கை இருக்கலாம், பிடிவாதம் இருக்கலாம். அச்சடித்துக் கொடுப்பவருக்கு அது ஒரு ஓடர். அவரைத் தொட்டால் நகரத்தில் உள்ள மற்ற அச்சகங்களுக்குத் தனியாகச் சொல்லியனுப்பத் தேவையில்லை. அந்த இருவரும் 2009 ஒக்டோபரில் விடுவிக்கப்பட்டார்கள். அதற்குள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் போய்விட்டது.

ஐந்து மாதத்துக்கு மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் தடுத்து வைத்திருந்துவிட்டு, 2008 ஆகஸ்டில் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வு தாக்கல் செய்தார்கள். மூன்று குற்றச்சாட்டுகள். முதல் இரண்டும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்: எழுத்தின் மூலம் இனங்களிடையே குரோதம் ஏற்படுத்தச் சதி செய்தது, அந்த எழுத்தை வெளியிட்டது. மூன்றாவது, 2006 டிசம்பரில் வந்த அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ், இதழின் வழியே பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டியது. கடைசியில் தண்டனை முறையே ஐந்து, ஐந்து, பத்து ஆண்டுகள்.

இரண்டு பந்திகள்

முதல் பந்தி ஓர் ஆசிரியத் தலையங்கத்தின் பகுதி. தமிழ் மக்களுக்கு அரசு பாதுகாப்புத் தரப்போவதில்லை, கொலைகளில் பெரும் பங்கு அரச படைகளுடையதே என்பது அதன் சாரம். இரண்டாவது, கிழக்கிலுள்ள வாகரை பற்றிய கட்டுரையில் வந்தது. உணவும் மருந்தும் எரிபொருளும் மறுத்து மக்களைப் பட்டினி போட்டு, அந்தப் பகுதியை மக்களற்றதாக்கப் பார்க்கிறார்கள் என்றும், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே ஷெல்லும் விமானக் குண்டும் விழுகின்றன என்றும் சொன்னது.

இவை எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். 2006 ஜனவரியில் திருகோணமலை நகரில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களைப் படம் எடுத்து வெளியிட்ட சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர்கள். நவம்பர் 8ஆம் திகதி வாகரைப் பக்கம் கதிரவெளியில், இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த பாடசாலையில் ஷெல் விழுந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வாகரை மக்கள் மாட்டிக்கொண்டு தவித்தது கொழும்பில் இருந்த தூதரகங்களுக்கும் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் தெரிந்த சங்கதி.

சரி, பத்திரிகை தர்மத்தின்படி இந்தப் பந்திகளில் குறையே இல்லையா? உண்டு என்றே நினைக்கிறேன். என் மேசைக்கு அந்தத் தலையங்கம் வந்திருந்தால் 'பெரும் பங்கு' என்பதற்கு என்ன ஆதாரம், யார் எண்ணியது என்று ஓரத்தில் கேள்வி போட்டிருப்பேன். வாகரைக் கட்டுரையில் ஷெல் விழுகிறது என்பது கண்டு சொல்லக்கூடிய விஷயம். ஊரைக் காலியாக்குவதே நோக்கம் என்பது பிறர் மனத்துக்குள் இருப்பது. அதை யாராவது சொன்னதாகத்தான் போட வேண்டும், சொன்னவர் இல்லாவிட்டால் எழுதியவரின் கருத்து என்று தெரியும்படி போட வேண்டும். விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே இருந்தது. அந்தப் பக்கமும் கட்டுரையில் வேண்டும் என்று ஒரு ஆசிரியர் கேட்பது நியாயம்.

இவையெல்லாம் மேசையில் தீர வேண்டிய சண்டைகள். அங்கே தீராவிட்டால் மறுப்புக் கடிதம், அதுவும் போதாவிட்டால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. குற்றவியல் அவதூறை 2002இல் நாடாளுமன்றம் நீக்கிய பிறகு, 2003இல் பத்திரிகைத் துறையே கொழும்பில் அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எழுத்தாளர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம், தவறு இருந்தால் திருத்தமும் மறுமொழியும் வாங்கித் தருகிறோம் என்ற உடன்பாடு அதற்குப் பின்னால் இருந்தது. அதன் பிறகு ஆறு ஆண்டு கடந்ததும் ஒரு பந்திக்கு ஐந்து ஆண்டுச் சிறை எப்படி வந்தது?

1883இல் இருந்தது, 1979இல் காணாமல் போனது

இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். அதன் 2(1)(எச்) பிரிவு, பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ வன்செயலையோ, மத, இன, சமூக ஒற்றுமைக் குலைவையோ, சமூகங்களிடையே பகைமையையோ குரோதத்தையோ உண்டாக்குவதும் உண்டாக்க எண்ணுவதும் குற்றம் என்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு, கூடினால் இருபது.

ஆனால் குரோதத்தைத் தூண்டும் எழுத்து அதற்கு முன்பும் இந்த நாட்டில் குற்றம்தான். வெள்ளைக்காரன் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவு, அரசின் மீது வெறுப்பை மூட்டுவதோடு, மக்களின் வெவ்வேறு வகுப்பாரிடையே குரோதமும் பகைமையும் வளர்க்க முயல்வதையும் தண்டிக்கிறது. உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு, அதுவும் கடூழியம் இல்லாத சிறை. அந்தப் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் தொங்குகிறது. அரசு தவறான வழியில் போகிறது என்று காட்டுவது, அரசிலோ நீதி நிருவாகத்திலோ உள்ள குறைகளைத் திருத்தும் நோக்கில் சுட்டுவது, சட்டப்படி மாற்றம் கேட்கும்படி மக்களைத் தூண்டுவது, இவை எதுவும் குற்றமாகாது. கடைசியாக ஒன்று சொல்கிறது: வகுப்பாரிடையே குரோதத்தை உண்டாக்குகிற விஷயங்களை நீக்குவதற்காக எடுத்துக்காட்டுவதும் குற்றமாகாது.

ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் படைகளின் செயலைப் பற்றி எழுதினால் அது குரோதத்தை வளர்ப்பதா, குரோதத்தை உண்டாக்கும் விஷயத்தை நீக்கச் சொல்லி எடுத்துக்காட்டுவதா? இந்தக் கேள்வியை 120ஆம் பிரிவு நீதிபதியின் முன் வைத்தே தீரும். அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு சட்டத்தரணி நாள் கணக்கில் வாதாடலாம். 1979இல் சட்டம் வரைந்தவர்கள் குரோதம், பகைமை என்ற குற்றத்தை எடுத்துக்கொண்டார்கள், தண்டனையைப் பத்து மடங்காக்கினார்கள், விளக்கத்தை விட்டுவிட்டார்கள். தேசத்துரோகச் சட்டம் என்று எல்லோரும் திட்டும் காலனித்துவப் பிரிவு, சுதந்திர நாட்டின் சட்டத்தைவிடப் பத்திரிகையாளருக்கு அதிக இடம் கொடுத்திருந்தது என்பது வேடிக்கைதான், சிரிப்புத்தான் வரவில்லை.

இன்னொன்றும் இல்லை. எழுதியது உண்மையா என்ற கேள்வி. அவதூறு வழக்கில் உண்மைக்கு ஒரு மதிப்பு உண்டு. 2(1)(எச்) பிரிவில் உண்மை, பொய் என்ற சொற்களே கிடையாது. தீர்ப்பளித்த நீதிபதி தீபாலி விஜேசுந்தர, பத்திரிகைச் சுதந்திரம் என்பது இன வன்முறையைத் தூண்டப் பொய்த் தகவல் பரப்பும் உரிமை ஆகாது என்ற பொருளில் சொன்னதாக அன்றைய செய்திகள் எழுதின. யாரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய கூற்று. ஆனால் பொய் என்று நிரூபிக்கும் சுமையை அந்தப் பிரிவு அரச தரப்பின் மீது வைக்கவே இல்லையே. வன்முறை நடந்தது என்றும் காட்டத் தேவையில்லை, எண்ணம் போதும். எண்ணத்தைக் காட்ட என்ன இருக்கிறது? பந்தி இருக்கிறது. பந்தி போதாவிட்டால், வாக்குமூலம் இருக்கிறது.

வாக்குமூலம்

சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் செல்லாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் கொடுத்தால் அது சான்று. அடித்தோ மிரட்டியோ வாங்கியது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். அடைத்து வைக்கப்பட்டிருக்கும் அறையில், வெளியார் யாரும் இல்லாத நேரத்தில் நடந்ததற்கு அவர் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்?

தன் வாக்குமூலம் தானாகக் கொடுத்ததல்ல, சொல்லச் சொல்ல எழுதவைத்தது என்று திசைநாயகம் மறுத்தார். வாக்குமூலம் சுயவிருப்போடு கொடுத்ததா என்று தனியாகப் பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணை நடந்தது. 2008 டிசம்பரில் அது சுயவிருப்போடு கொடுத்ததே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அத்தோடு வழக்கின் பாதி முடிந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

நிரூபிக்கும் சுமையை இப்படி மாற்றி வைப்பது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்கு (ஐ.சி.சி.பி.ஆர்.) முரண் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு, இதே சட்டத்தில் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் வழக்கில் 2004இலேயே சொல்லிவிட்டது. 2006 செப்டெம்பரில் நமது உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆக, திசைநாயகத்தின் சட்டத்தரணிகள் அந்தக் கருத்தைக் கையில் வைத்திருந்தாலும் அதை நீட்ட உள்நாட்டில் ஒரு மேசை இருக்கவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு இதழ் நடத்தியவர்களுக்குத் தெரியும், சந்தாவும் விளம்பரமும் நண்பர்களின் கைமாற்றும் சேர்ந்துதான் அடுத்த இதழ் வரும். இதழே பயங்கரவாதத்துக்கு உதவி என்று முடிவாகிவிட்டால் அந்தக் காசு தானாகவே பயங்கரவாத நிதியாகிவிடும். மூன்றிலும் கனமான தண்டனை இதற்குத்தான் கிடைத்தது.

அரசியலமைப்பு ஏன் கைகொடுக்கவில்லை

பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரம் 14(1)(அ) உறுப்புரையில் இருக்கிறது. கட்டுப்பாடுகள் 15ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் விதி அளவுமீறி அகன்றிருந்தால் அதைச் செல்லாததாக்கும் துணிச்சல் நம் நீதிமன்றங்களுக்கு இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜோசப் பெரேரா வழக்கில், துண்டுப்பிரசுரம் கொடுக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற அவசரகால ஒழுங்குவிதியை 1987இல் உயர் நீதிமன்றம் வெட்டி எறிந்தது. பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தீர்ப்பு அது. கருத்துச் சுதந்திரம் பற்றி இலங்கையில் எழுதப்பட்டவற்றில் நான் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான்.

அங்கே வெட்டப்பட்டது ஒழுங்குவிதி. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 80(3) உறுப்புரை கவசம் போடுகிறது: சபாநாயகர் சான்றுரைத்த பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979 ஜூலையில் அவசரச் சட்டமூலமாக வந்தது. மக்கள் அதை வாசித்து மனுப்போட நேரமே இருக்கவில்லை. பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது, மூன்று ஆண்டுக்குத்தான் என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள்.

சட்டத்தையே செல்லாததாக்க முடியாவிட்டாலும், 14ஆம் உறுப்புரையின் வெளிச்சத்தில் 2(1)(எச்) பிரிவைக் குறுக்கிப் பொருள்கொள்ள ஒரு மேல்நிலை நீதிமன்றம் முயன்றிருக்கலாம். வன்முறையோடு நெருங்கிய தொடர்பு வேண்டும் என்றோ, 120ஆம் பிரிவின் விளக்கத்தில் உள்ள நியாயம் இங்கேயும் பொருந்தும் என்றோ சொல்லியிருக்கலாம். அதற்கான வாய்ப்புத்தான் மேன்முறையீடு.

மன்னிப்பு

தீர்ப்புக்கு முன்பே வழக்கு உலகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. 2009 மே மாத உலகப் பத்திரிகைச் சுதந்திர தின அறிக்கையில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவர் பெயரைச் சொன்னார். தண்டனைக்குப் பிறகு விருதுகள் வந்தன. 2010 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுத்தது. அதே ஆண்டு மே 3ஆம் திகதி, அதுவும் பத்திரிகைச் சுதந்திர தினத்திலேயே, ஜனாதிபதி மன்னிப்பு வழங்குகிறார் என்று வெளிவிவகார அமைச்சர் ஜி.எல். பீரிஸ் அறிவித்தார். சில வாரங்களில் திசைநாயகம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அந்த மனிதருக்கும் குடும்பத்துக்கும் அது விடுதலை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது, சிறையில் இருப்பவரிடம் போய் 'முன்தீர்ப்புக்காகக் கொஞ்சம் பொறுங்கள்' என்று கேட்பவன் மனிதனே இல்லை. ஆனால் சட்டக் கணக்கு வேறு. 34ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி மன்னிப்பது குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவரை. மன்னிப்பு தண்டனையைத் துடைக்கும், 'இவர் குற்றம் செய்யவில்லை' என்று சொல்லாது. அந்த இரண்டு பந்திகளும் குற்றமா என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டிய நாள் வரவே இல்லை. அரசுக்கு இது வசதியான முடிவு: உலகத்துக்குக் கருணையைக் காட்டியாயிற்று, உள்ளூரில் தீர்ப்பையும் வைத்துக்கொண்டாயிற்று.

அதன் விளைவைக் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை மேசைகளில் பார்க்கலாம். கொலைச் செய்தி என்றால் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்'. சுற்றிவளைப்பு என்றால் 'படைத்தரப்பினர் தெரிவித்தனர்'. கண்ணால் பார்த்த செய்தியாளர் அனுப்பினாலும் வாக்கியத்தின் வாலில் 'எனக் கூறப்படுகிறது' ஒட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கம் திசைநாயகம் வழக்கால் பிறந்ததல்ல, பயம் அதற்கு முன்பே இருந்தது. பத்திரிகையாளர் தராகி சிவராம் 2005இலேயே பம்பலப்பிட்டியில் கடத்திக் கொல்லப்பட்டார். ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான் சட்டத்துக்கு வெளியே செய்ததைச் சட்டத்துக்கு உள்ளேயும் செய்யலாம் என்று வழக்கு காட்டியது, அவ்வளவுதான். தர்மப்படி மூலம் சொல்லி எழுதுவது வேறு, தப்பிக்க வால் ஒட்டுவது வேறு. வாசகனுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். மேசையில் இருப்பவருக்கு எது எது என்று தெரியும்.

இப்போது எங்கே நிற்கிறது

அவசரகால நிலை 2011 ஆகஸ்டில் காலாவதியானது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். தடுப்புக்காவலின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 ஆனது, பிணைக்குக் கொஞ்சம் வழி திறந்தது. 2(1)(எச்) பிரிவையும் 16ஆம் பிரிவையும் அந்தத் திருத்தம் தொடவில்லை.

இடையில் எழுத்தாளர்களைப் பிடிக்க வேறு சட்டம் கைக்கு வந்தது. 2007இன் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்தது, வன்முறைக்கோ பாகுபாட்டுக்கோ தூண்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. அப்படியிருந்தும் 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் முகநூல் பதிவுக்காக ரம்ஸி ராசிக் கைதானார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் வகுப்பாரிடையே குரோதம் என்ற அதே சங்கதி திரும்ப வருகிறது. கூற்று பொய்யாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது, எது பொய் என்று முதலில் பார்ப்பது ஓர் ஆணைக்குழு.

ஆகவே இன்று ஒரு தமிழ்ச் செய்தியாளர் இராணுவத்தைப் பற்றி எழுதிய பந்திக்காக 2(1)(எச்) பிரிவில் குற்றம் சாட்டப்பட்டால், அவருடைய சட்டத்தரணி ராசிக் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஜோசப் பெரேராவை மேற்கோள் காட்டலாம். ஒன்று வேறு சட்டம், மற்றது ஒழுங்குவிதி என்று சட்டமா அதிபர் தரப்பு எழுந்து நின்று சொல்லும். பத்திரிகை எழுத்தின் மீது 2(1)(எச்) எப்படிப் பாயும் என்பதற்கு அவர்கள் நீட்டக்கூடிய தீர்ப்பு 2009 ஆகஸ்ட் 31ஆம் திகதியுடையது. மேல் நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் எதிர்த்தரப்புக்கு மிஞ்சும் வாதம்.